ஸ்வெட்டர் போட்ட மாரியம்மன்

குளிர் மலை ஊரான பிரிஞ்சாங்கில் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வழி கேட்டால் சொல்ல ஆள் கிடைக்காது. போன் வழி காட்டும் என்று நம்பி வந்தவர்கள் மேசையிலேயே கொதிக்கவைத்துச் சாப்பிடுகிற ஸ்டீம்போட் கடை வாசலில் நின்று விழித்திருக்கிறார்கள். ஹோட்டலின் கார் நிறுத்துகிற சரிவில் இறங்க வேண்டும். சலவைக்குப் போகிற படுக்கை விரிப்பு மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு, முட்டைக்கோஸ் பெட்டி அடுக்கும் கொட்டகையைத் தாண்டினால், ஹோட்டலின் பின்சுவருக்கும் கடைவீட்டின் பின்சுவருக்கும் இடையில் கோபுரம் தெரியும். கோபுரம் என்று நாங்கள் மரியாதைக்குச் சொல்வதுதான். ஹோட்டலின் முதல் மாடிக் குளியலறை ஜன்னல் அதைவிட உயரம்.

அம்மன் டவுனுக்குக் குடிவந்தவள் இல்லை. அவள் இருந்த இடத்துக்குத்தான் டவுன் வந்தது. என் அம்மா கொழுந்து எடுக்கப் போன காலத்தில் அது தேயிலை மலைக்குப் போகும் பாதையின் ஓரம். பிறகு பாதை ரோடானது, ரோட்டோரம் கடை வந்தது, கடைக்குப் பின்னால் ஹோட்டல் வந்தது. யாரும் கோயிலை இடிக்கவில்லை. ஆளாளுக்குக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னார்கள், அவ்வளவுதான். இப்போது அம்மனுக்கு நேர் எதிரே ஹோட்டல் சமையலறையின் புகைக்கூண்டு. ஊதுவத்தி வாசமும் பூண்டு வதக்குகிற வாசமும் சேர்ந்து வருவதுதான் எனக்குப் பக்தி. வேறு கோயிலுக்குப் போனால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

அந்த வாசலில்தான் எனக்குப் பூக்கடை. லெம்பா பெர்த்தாம் தோட்டங்களிலிருந்து செவ்வந்தி வாங்கி, மாலை கட்டி விற்கிறேன். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். வேலையை விட்டு வெகுகாலம் ஆகியும் விடியற்காலையில் மலைக்குக் கிளம்புகிறவள் போலவே எழுந்து கோயிலுக்கு வந்துவிடுவாள்.

எங்கள் அம்மன் ஸ்வெட்டர் போட்டிருப்பாள். இதைச் சொன்னால் கீழே தாப்பாவில் இருக்கிற சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். ஆனால் விஷயம் சாதாரணம். விடியலில் அபிஷேகம் முடிந்து அம்மன் ஈரத்தோடு நிற்பாள். மலைக்குப் போகிற பெண்கள் கும்பிட வருவார்கள். உடம்பில் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஆம்பிளைச் சட்டை, அதற்கும் மேல் மழைக்குப் பிளாஸ்டிக். இத்தனையும் போட்டுக்கொண்டு, குளிரில் நனைந்து நிற்கிறவளிடம் "தாயே, என்னைக் காப்பாத்து" என்று கேட்க யாரோ ஒருத்திக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அவள் தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்திவிட்டாள். அதிலிருந்து அம்மனுக்கு ஸ்வெட்டர் என்பது சேலை, பொட்டு மாதிரி ஆகிவிட்டது.

கடைசியாகப் பின்னியவள் என் அம்மா. சிவப்புக் கம்பளி நூல். அம்மனுக்கு நாலு கை என்பதால் கடையில் விற்கிற எதுவும் சரிப்படாது. நாலு கைக்கும் நாலு கை வைத்து, முதுகுப் பக்கம் திறந்து, கயிறு வைத்துக் கட்டுகிற மாதிரி பின்னியிருந்தாள். அப்போதிருந்த பூசாரி எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். அபிஷேகம் முடித்து, சேலை கட்டி, அம்மனுக்கு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, அப்புறம் தன்னுடைய ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டு தீபாராதனை காட்டுவார். பிறகு அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது, ஊசியை எடுத்து வைத்துவிட்டாள். அந்தச் சிவப்பு ஸ்வெட்டரே தொடர்ந்தது. முழங்கை பக்கம் கொஞ்சம் நைந்திருந்தது, நாலு முழங்கையும்.

வெளியூர்க்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. வெளியூர்க்காரர்கள் வந்தால்தானே!

வரவேண்டும் என்று ஆசைப்பட்டவர் என் அண்ணன். காய்கறி லோரிகள் ஓடுகின்றன, பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள், மனிதருக்கு மிச்சம் இருந்த ஒரே குறை பெயர். கோயில் தலைவரானார். ஆனதும் அவருக்கு அந்தப் பின்சுவர் உறுத்த ஆரம்பித்தது. "இவ்ளோ பழைய கோயிலு. ஸ்ட்ராபெரித் தோட்டம் பாக்க வர்றவன்ல ஒருத்தனுக்காச்சும் தெரியுதா?" என்பார். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆள் வந்தால் பூ விற்கும்.

கும்பாபிஷேகம் வைப்பதென்று முடிவானது. பழைய பூசாரி கால்வலியால் ஓய்வெடுத்துக்கொள்ள, தமிழ்நாட்டிலிருந்து ஒரு குருக்களை வரவழைத்தார்கள். இளம் வயது, நல்ல குரல். வெயிலில் வளர்ந்த உடம்பு. வந்த அன்று தாப்பாவிலிருந்து மலை ஏற ஏறக் காரின் ஏர்கண்டிஷனை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தாராம். கார்க்காரன் ஏர்கண்டிஷனைப் போடவே இல்லையாம்.

இந்த நேரம் பார்த்து, கார் நிறுத்த இடம் தேடி வழி தவறிய ஒரு சுற்றுலாப் பெண் எங்கள் சந்துக்குள் வந்தாள். அம்மனைப் பார்த்தாள். படம் எடுத்தாள். சிரித்த மாதிரிகூட எனக்கு நினைவில்லை, பக்தியாகக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். ஆனால் அந்தப் படம் போன் போனாகப் போய், ஈப்போவில் ஒரு கல்யாண விருந்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடமே வந்து சேர்ந்தது. பக்கத்து இலைக்காரர் படத்தைக் காட்டி, "என்னா தலைவரே, ஒங்க அம்மனுக்குச் சளியா?" என்று கேட்டாராம்.

பாயசம் வரும்வரைகூட அண்ணன் அங்கே இருக்கவில்லை.

மறுநாள் குருக்களிடம் கேட்டார். குருக்கள், "ஆகமத்துல ஸ்வெட்டர்னு ஒண்ணும் சொல்லலைங்க" என்றார். ஆகமம் எழுதியவர்கள் பிரிஞ்சாங் வந்ததில்லை என்று நான் சொன்னேன். பூக்காரியின் சாஸ்திரத்தை யார் எடுத்துக்கொள்வார்கள்? கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோயிலைச் சுத்தம் செய்தபோது, பழைய சேலைகளோடு அந்தச் சிவப்பு ஸ்வெட்டரையும் மூட்டை கட்டி ஆற்றில் விட்டுவிட்டார்கள்.

ஆவணியில் கும்பாபிஷேகம் நன்றாகவே நடந்தது. பெரிய மனிதர்கள் வந்தார்கள், மைக்கில் அண்ணன் பேரைச் சொன்னார்கள். அம்மன் பட்டுச் சேலையில், புது நகையில், பார்க்க லட்சணமாக இருந்தாள். கைகளும் தோள்களும் வெறுமையாக, கருப்பாக, ஈரமாக மின்னின.

மறுநாள் காலை அம்மா கோயிலுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். பிறகு நின்றாள். உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். ஸ்வெட்டரின் பட்டன்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றி, ஸ்வெட்டரை மடித்து, செருப்புக்குப் பக்கத்தில் கல் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் பூவை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அண்ணன் எனக்கு முன்னால் போய்விட்டார்.

"என்னாம்மா இது? குளிருதுல்ல, போட்டுக்கம்மா."

"அவ போடாம நிக்கிறா. நான் போட்டுக்கிட்டு அவ முன்னாடி போயி நிக்கவா?"

"அம்மா, அது கல்லும்மா. கல்லுக்கு எப்படிக் குளிரும்?"

கோயில் தலைவர், கருவறைக்கு நேர் எதிரே, சத்தமாகச் சொன்ன வார்த்தை இது. உள்ளே குருக்களின் மணி ஒரு கணம் நின்றது. அம்மா அண்ணனைத் திட்டவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். "கல்லுன்னா எதுக்குடா பட்டுச் சேல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கை கூப்பிக்கொண்டு நின்றாள்.

இதை அம்மாவின் பிடிவாதம் என்று விட்டிருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த நாள் அவளோடு கொழுந்தெடுத்த இன்னொரு கிழவி பார்த்தாள். கோயிலில் ஒருத்தி நம்மைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பக்தி செலுத்தினால் எந்தப் பெண்ணுக்குப் பொறுக்கும்? அவளும் கழற்றினாள். அவளைப் பார்த்து அவள் மருமகள். மருமகளைப் பார்த்து மார்க்கெட் பெண்கள். அப்புறம், கோயிலுக்குள்ளும் தோல் ஜாக்கெட்டோடு நிற்கிற மோட்டார் பையன்கள். ஸ்வெட்டர் போட்டு நிற்கிறவனை மற்றவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததும், தலைவர் மட்டும் எப்படிப் போட்டுக்கொண்டு நிற்பது? ஒரு வெள்ளிக்கிழமை அண்ணனும் ஜாக்கெட்டைக் கழற்றினார். கழற்றும்போது என்னைப் பார்க்கவில்லை.

மார்கழி பிறந்தபோது வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஜாக்கெட் குவியல். யாரோ ஒருவர் இன்னொருவரின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ரிங்லெட் வரை போய்விட்டார், பாக்கெட்டில் மோட்டார் சாவியோடு. சண்டை வந்தது. சண்டை வந்தால் நிர்வாகம் சும்மா இருக்குமா? ஜாக்கெட் மாட்ட ஓர் இரும்புத் தாங்கி வந்தது, அதில் கொடுத்தவர் பேரும் வந்தது. பக்கத்தில் தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றிலும் பலகை: காலணிகளையும் குளிராடைகளையும் வெளியே விட்டுச் செல்லவும்.

வேடிக்கை என்னவென்றால், அண்ணன் கும்பாபிஷேகம் செய்தும் வராத கூட்டம் இந்தப் பலகையைப் பார்க்க வந்தது. டூர் வேன்கள் ஹோட்டல் சரிவில் இறங்கின. ஒரு வேன்காரர் என் கடை வாசலிலேயே நின்று தன் ஆட்களுக்கு விளக்கம் சொன்னார்: இந்த மலை மக்கள் நூறு வருஷமாக அம்மன் முன்னால் குளிரைத் தாங்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள். அந்த நூறு வருஷம் ஆவணியில்தான் தொடங்கியது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டு மாலை கேட்டார்கள். வந்தவர்கள் ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நடுங்கிக்கொண்டே உள்ளே போய், கண்ணில் நீரோடு வெளியே வந்தார்கள். புகைக்கூண்டின் பூண்டுக்கும் அதில் பங்குண்டு.

குருக்கள் பாடுதான் பெரும்பாடு. வெற்று மார்போடு, பச்சைத் தண்ணீரில் அபிஷேகம் செய்துவிட்டு அவர் மந்திரம் சொன்னால், பல்லோடு பல் அடித்து மந்திரமே உதறும். ஜனங்கள் அதை ஆவேசம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் ரகசியமாக அவரிடம் போய், "சாமி, எங்கம்மா நிக்கிறப்ப மட்டும் கொஞ்சம் வெரசா முடிச்சிருங்க" என்று கேட்டேன். "நானே வெரசாத்தான் பண்றேன்மா, நாக்கு வரமாட்டேங்குது" என்றார் பாவம்.

எனக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். அம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு உண்டு. மலையில் ஈரத்தில் நின்றே வந்தது. தினமும் காலையில் அந்த ஒல்லி உடம்பு வெறும் சேலை ரவிக்கையோடு நிற்கும். சேலைக்கு உள்ளே போடுகிற மெல்லிய கம்பளி பனியன் வாங்கிக் கொடுத்தேன். கோயில் வாசலில் அதையும் கழற்ற மறைவிடம் தேடினாள். கோயிலுக்கே போகவிடாமல் கதவைப் பூட்டிப் பார்த்தேன். சாப்பிடாமல் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவிடம் தோற்றதும் அண்ணனிடம் போனேன். "பலகைய எடுத்திருங்கண்ணே. அம்மனுக்கு ஒரு ஸ்வெட்டர் போடச் சொல்லுங்க. அம்மா போட்டுக்கும்." அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இப்பத்தான் நாலு பேரு மதிக்கிறான். நிர்வாகத்துல பேசணும் லா. சும்மா எடுத்துர முடியாது."

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அம்மாமேலும் வந்தது. உண்மையைச் சொன்னால், எதுவும் பேசாமல் அங்கே அழகாக நின்றுகொண்டிருந்த அம்மன்மேலும் வந்தது.

மார்கழி நடுவில் விடாமல் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை அம்மா பிரகாரத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. குருக்கள் தீபாராதனைத் தட்டை வைத்துவிட்டு ஓடிவந்தார். தாங்கியிலிருந்து கைக்குக் கிடைத்த யார் யாருடைய ஜாக்கெட்டையோ போட்டு மூடித்தான் அவளைக் காரில் ஏற்றினோம். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா என்றார் டாக்டர். வயசானவங்க, இரண்டு நாள் போகட்டும், பிறகுதான் சொல்ல முடியும் என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். நர்ஸ் கம்பளி போர்த்தினால் காலால் தள்ளிவிட்டாள். நர்ஸ் மலாயில் கெஞ்சினார், அம்மா தமிழில் மறுத்தாள், இருவருக்கும் நன்றாகவே புரிந்தது. நான் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணைத் திறந்து என்னைத் தாண்டி, கட்டிலின் கால்மாட்டில் நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

"அவளுக்குப் போட்டாச்சா?"

"அம்மா, இப்ப அதாம்மா முக்கியம்? மொதல்ல நீ..."

"போட்டாச்சா, இல்லியா?"

அண்ணன் கம்பளியை எடுத்துப் போர்த்தப் போனார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள்பட்டை எலும்பு இரண்டும் ஆஸ்பத்திரி உடுப்புக்குள் துருத்திக்கொண்டு தெரிந்தன. குளிரில் முதுகு உதறிக்கொண்டே இருந்தது.

அண்ணனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவரிடம் நான் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அன்று பேசினேன். "அம்மா செத்துப் போச்சுன்னா அதோட ஸ்வெட்டரையும் ஒங்க கோயில் தாங்கியில மாட்டி வைங்க. நாலு பேரு வந்து பாக்கட்டும். மதிக்கட்டும்." நர்ஸ்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் படியிறங்கிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் என் போன் அடித்தது. அண்ணன், முகம் காட்டுகிற அழைப்பு. திரையில் முதலில் அவருடைய காது தெரிந்தது, பிறகு கோயில் கூரை, பிறகு தலைகீழாகக் குருக்கள். ஒருவழியாகக் கருவறை நேரானது. நான் போனை அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

அம்மன் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். பச்சைப்பிள்ளைகளுக்கு விற்கிற இளஞ்சிவப்பு ஸ்வெட்டர், மார்பில் முழுசாக ஒரு பெரிய ஸ்ட்ராபெரி. சுற்றுலாக்காரர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிப் போகிற அதே உருப்படி. கூடவே தைத்திருந்த பச்சை இலைக் குல்லா கிரீடத்துக்கு மேல் ஏறாமல் பின்னால் தொங்கியது. ஈப்போ விருந்தின் பக்கத்து இலைக்காரர் மட்டும் அதைப் பார்த்திருந்தால் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சிரித்திருப்பார்.

அம்மா வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எவ்வளவு தெரிந்ததோ.

"கையி?" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "அவளுக்கு நாலு கையில்லடா?"

போனுக்குள்ளிருந்து குருக்கள்தான் பதில் சொன்னார். "பின்கை ரெண்டுக்கும் கத்திரியில ஓட்டை போட்டுட்டேன்மா. சரியா வந்துருச்சு."

"நூலு பிரியும். ஓரம் தைக்கணும்."

"தைக்கச் சொல்றேம்மா" என்றார் அண்ணன். அவர் முகம் திரையில் இல்லை. ஸ்ட்ராபெரி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா தலையணையில் சாய்ந்தாள். பிறகு, உடுப்பு மாட்டிவிடச் சொல்லும் பிள்ளை மாதிரி, என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள். நான் ஒரு கையில் ஸ்வெட்டரை நுழைத்தேன், மறு கையில் நுழைக்கும்போது அழுதுவிட்டேன். அழுது முடிப்பதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.

பிழைத்துக்கொண்டாள். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நான் பிறகு ஒருநாள் குருக்களிடம், "இப்ப ஆகமம் என்னா சாமி சொல்லுது?" என்று கேட்டேன். "ஸ்வெட்டர் போடக்கூடாதுன்னும் அதுல சொல்லலைம்மா" என்றார். அவர் நல்ல பிள்ளை. தோளில் ஒரு கம்பளித் துண்டும் புதிதாக ஏறியிருந்தது.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால், எங்கள் ஜனங்களைத் தெரியாதவர்கள் என்று அர்த்தம். அம்மனுக்கு ஸ்வெட்டர் வந்துவிட்டது. ஆனால் பலகை அப்படியே இருந்தது. தாங்கியில் கொடுத்தவர் பேர் இருக்கிறது, அதை எப்படி எடுப்பது? வேன்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அம்மன் கதகதப்பாக ஸ்ட்ராபெரி ஸ்வெட்டரில் இருக்க, அவளுக்காகக் கழற்றியவர்கள் எல்லாம் எதற்காகக் கழற்றினோம் என்பதை மறந்து நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கேட்டால், கோயில் வழக்கம் என்றார்கள். காலங்காலமாக என்றார்கள். வேன்காரர் புது விளக்கம் ஒன்றும் வைத்திருந்தார்: பக்தர்கள் கழற்றிக் கொடுக்கிற உடம்புச் சூட்டைத்தான் அம்மன் போட்டுக்கொள்கிறாளாம்.

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். வெயில் வந்த பிறகுதான் கூட்டிப்போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் மெல்ல இறங்கினாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு நிம்மதி. ஸ்வெட்டரோடு உள்ளே கால் வைத்தாள்.

கோயிலுக்குப் புதிதாகத் தொண்டு செய்ய வந்த ஓர் அம்மாள், பக்தி நிறைந்தவர், கீழே எங்கோ டவுனிலிருந்து வந்து குடியேறியவர். அவர் ஓடிவந்து வழி மறித்தார்.

"பாட்டி, பாட்டி, ஸ்வெட்டரக் கழட்டிட்டுப் போங்க. இங்க அதாங்க வழக்கம். போர்டுல போட்டிருக்குது பாருங்க."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் வாயில் நல்ல சூடான பதில் ஒன்று தயாராக இருந்தது. அதற்குள் அம்மாவின் விரல்கள் மேல் பட்டனுக்குப் போய்விட்டன. கோயில் வழக்கம் என்றால் அவள் எதிர்த்துப் பேச மாட்டாள்.

உள்ளே தீபாராதனைக்கு முன்வரிசையில் நின்றிருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தார். வெறும் சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேராகத் தாங்கிக்குப் போய், ஒவ்வொரு ஜாக்கெட்டாகத் தள்ளித் தள்ளித் தேடித் தன்னுடையதை எடுத்தார். மாட்டிக்கொண்டார்.

"தலைவரே..." என்றார் அந்த அம்மாள்.

"குளிருது" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான் சொன்னார். அம்மா பட்டனிலிருந்து கையை எடுத்தாள். ஜாக்கெட் முன்பக்கம் திறந்துகிடப்பதைப் பார்த்து அண்ணனைக் கிட்டே வரச் சொல்லிச் சைகை செய்தாள். அவள் காலத்து உடுப்பு எல்லாம் பட்டன். ஜிப்பின் அடிமுனையைக் கோக்க அவளுக்குத் தெரியவில்லை, கண்ணும் தெரியவில்லை. தடவித் தடவிப் பார்த்தாள். நரைத்த தலையோடு கோயில் தலைவர் குனிந்து, அவள் கோத்து முடிக்கும்வரை அசையாமல் நின்றார். உள்ளே குருக்கள் கற்பூரத்தை ஏற்றாமல் காத்திருந்தார்.